டிப்ளமசி மேசையின் நம்பிக்கைக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் ஒரு வீட்டு மாடியில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிப்ளமசி விளையாடுகிறோம். பெரும்பாலோர் தமிழர்கள், கன்னடமும் மலையாளமும் பேசும் நண்பர்களும் உண்டு. ஆட்டத்தோடு ஒரு நோட்டுப் புத்தகமும் ஓடுகிறது. யார் யாரை எவ்வளவு நம்பினார், அந்த நம்பிக்கை என்ன கதிக்கு ஆளானது என்ற கணக்கு அதில் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கணக்கை எழுதுகிறவன் நான் என்பதால் சாய்வும் என்னுடையதே.

டிப்ளமசி என்பது என்ன? சதுரங்கம் மாதிரியா?

சதுரங்கத்தில் எதிராளியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஜெயிக்கலாம். இதில் பேசாதவர் ஆட்டக் கணக்கில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வரைபடத்திலிருந்து காணாமல் போய்விடுவார். அமெரிக்கரான ஆலன் கால்ஹேமர் 1954இல் வடிவமைத்து 1959இல் வெளியிட்ட ஆட்டம் இது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவை ஏழு பேர் ஏழு வல்லரசுகளாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். படை வைத்துக்கொள்ள உரிமை தரும் இடங்கள், அதாவது மையங்கள், மொத்தம் 34. அவற்றில் 18ஐப் பிடிப்பவருக்கு வெற்றி. ஒரு மையத்துக்கு ஒரு படை. பகடையோ சீட்டுக்கட்டோ கிடையாது.

ஆண்டுக்கு வசந்தம், இலையுதிர் காலம் என இரண்டு பருவங்கள். ஒவ்வொரு பருவத்திலும் முதலில் பேச்சு. பிறகு ஒவ்வொருவரும் தம் படைகளுக்கான ஆணைகளை ரகசியமாகத் தாளில் எழுதுவார்கள். எல்லாத் தாள்களும் ஒரே நேரத்தில் திறக்கப்படும். எல்லாப் படைகளுக்கும் ஒரே பலம் என்பதால், இன்னொரு படையின் ஆதரவு இல்லாமல் யாரையும் இடம்பெயர்க்க முடியாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்றும் எந்த விதியும் இல்லை. பேச்சுக்கும் தாளுக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியைத்தான் நாங்கள் அளக்கிறோம்.

நம்பிக்கை மனதில் இருப்பது. அதை எப்படி எண்ணாக்க முடியும்?

மனதில் இருப்பதை அளக்க முடியாது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லையில் இருப்பதை அளக்கலாம். பெட்டிக்கடைக்காரர் கல்லாவைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைப் பையனிடம் "பார்த்துக்கொள்" என்று சொல்லி டீ குடிக்கப் போகிறார் என்றால், அவர் அந்தப் பையனை எவ்வளவு நம்புகிறார் என்று கேட்க வேண்டியதில்லை. கல்லாவில் இருக்கும் தொகைதான் விடை. டிப்ளமசியிலும் அப்படியே. பக்கத்து நாட்டின் படை ஒரே நகர்வில் எட்டும் தூரத்தில் நிற்கும்போது, நம் மையத்தைக் காவலில்லாமல் விட்டுப் போகிறோமா? எத்தனை மையங்களை? அதுதான் அளவு.

எனவே எங்கள் கணக்கில் "நம்புகிறேன்" என்ற சொல்லுக்கு மதிப்பெண் கிடையாது. "உங்களை முழுமையாக நம்புகிறேன்" என்று சொல்லிக்கொண்டே எல்லையில் இரண்டு படைகளை நிறுத்தியிருப்பவர் நம்பவில்லை, அவ்வளவுதான்.

நோட்டுப் புத்தகத்தில் என்னென்ன எழுதுகிறீர்கள்?

ஒரு பதிவை அப்படியே சொன்னால் விளங்கும். 1901 இலையுதிர் பருவம், அதாவது ஆட்டத்தின் இரண்டாவது பருவம். ஆஸ்திரியாவாக ஒரு பொறியியல் மாணவர். இத்தாலியாக ஒரு தணிக்கையாளர். இந்த இருவரின் நிலையே வில்லங்கமானது. ஆட்டம் தொடங்கும்போதே இரு நாடுகளின் சொந்த மையங்கள் ஒட்டி நிற்பது முழு வரைபடத்திலும் ஒரே இடத்தில்தான்: இத்தாலியின் வெனிஸ், ஆஸ்திரியாவின் திரியெஸ்தே. மற்ற அண்டை நாடுகளுக்கு நடுவே ஒரு நிலப்பகுதியோ கடலோ இருக்கும். இவர்களுக்கு அதுவும் இல்லை.

வசந்தத்தில் மாணவர் திரியெஸ்தேயில் இருந்த கப்பற்படையை அல்பேனியாவுக்கும், புடாபெஸ்ட் படையைச் செர்பியாவுக்கும் அனுப்பினார். வியன்னாவில் இருந்த படை, ரஷ்யாவைத் தடுக்கக் கலீசியாவுக்குப் போனது. திரியெஸ்தே காலி. இத்தாலியின் வெனிஸ் படை அசையவில்லை; வாக்கு காக்கப்பட்டது. இலையுதிர் பருவத்தில் மாணவர் செர்பியாவின் ஆதரவோடு கிரீஸைப் பிடிக்க ஆணை எழுதினார். திரியெஸ்தே இன்னும் காலி. தாள்களைத் திறந்தபோது இத்தாலியின் தாளில் இருந்தது: வெனிஸ் படை திரியெஸ்தேக்கு.

நோட்டில் இதற்கு ஒரு வரி. வாக்கு: வெனிஸ் நகராது. பணயம்: காவலற்ற மையம் ஒன்று. மாணவர் சீட்டில் எழுதிய எண்: 9. நடந்தது: மீறல். நட்டம்: ஐந்து மையங்களோடு இரண்டு புதிய படைகளை அமைத்திருக்க வேண்டிய ஆஸ்திரியா, நான்கு மையங்களோடு ஒரே ஒரு படையை அமைத்தது, அந்த ஒரு மையம் இத்தாலியின் கணக்கில் ஏறியது. வாக்கு, பணயம், சீட்டு, நடந்தது, நட்டம் என்ற ஐந்து கட்டங்கள்தான் எல்லாப் பதிவுகளுக்கும்.

அந்தச் "சீட்டு" என்ன?

ஆணைத் தாளை எழுதி மடித்து வைத்த பிறகு, திறப்பதற்கு முன், ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் ஓர் எண் எழுத வேண்டும்: எனக்கு வாக்குக் கொடுத்தவர் அதைக் காப்பாற்ற 10க்கு எத்தனை வாய்ப்பு? ஆணை எழுதிய பிறகே இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. முன்னதாகக் கேட்டால் கேள்வியே சந்தேகத்தைக் கிளப்பிவிடும். ஒன்பது என்று எழுதப் போனவர் யோசித்து ஒரு படையைத் திருப்பி அழைத்துவிடுவார். பிறகு எதை அளப்பது?

மதிப்பெண் போடும் முறை வானிலைக்காரர்களிடமிருந்து வந்தது. மழை வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று சொல்பவரின் கணிப்புகளுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்பதற்கு அமெரிக்க வானிலை அறிஞர் கிளென் பிரையர் 1950இல் ஒரு வழி சொன்னார். சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. மாணவர் 0.9 என்றார், நடந்தது 0. அவர் தண்டம் 0.81. வாக்கு காக்கப்பட்டிருந்தால் வெறும் 0.01 தான். எப்போதும் 5 என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பவருக்கு, யார் என்ன செய்தாலும் 0.25. குறைந்த சராசரி உள்ளவரே மனிதர்களை நன்றாக எடைபோடுபவர். எல்லோரையும் சந்தேகிப்பவரும் இதில் ஜெயிக்க முடியாது. பெரும்பாலான பருவங்களில் பெரும்பாலான வாக்குகள் காக்கப்படத்தான் செய்கின்றன. அப்போதெல்லாம் அவருக்குத் தண்டம் ஏறிக்கொண்டே போகும்.

சீட்டையும் எல்லையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. 9 எழுதியவர் எல்லையில் காவலையும் வைத்திருந்தால், அவருக்குப் பயம் அறிவை மிஞ்சுகிறது. 4 எழுதியவர் காவலில்லாமல் விட்டிருந்தால், வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் நம்பிக்கை போலவே இருக்கும்! பணயத்தை மட்டும் அளந்தால் இந்த இரண்டாமவரைத் தவறாக எண்ணிவிடுவோம். சீட்டு வந்தது அதனால்தான்.

பொய்களை எண்ணினால் போதாதா?

போதாது. பொய்யே சொல்லாமல் துரோகம் செய்யலாம்: பேச்சைத் திருப்பலாம், "பார்க்கலாம்" என்று மழுப்பலாம், மாடிப்படியில் போன் பேசப் போய்விடலாம். பொய் சொல்லிவிட்டுத் துரோகம் செய்யாமலும் இருக்கலாம்.

இன்னொரு சிக்கல், பொய்கள் மிகவும் குறைவு. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் டிப்ளமசி ஆட்டக்காரர்கள் தாங்கள் அனுப்பிய ஒவ்வொரு செய்தியும் உண்மையா பொய்யா என்று தாங்களே குறித்தார்கள். பெற்றவரும் தமக்கு எப்படித் தோன்றியது என்று குறித்தார். மொத்தம் 17,289 செய்திகள். அனுப்பியவரே பொய் என்று ஒப்புக்கொண்டவை 5 சதவீதத்துக்கும் குறைவு. துரோகத்துக்குப் பேர்போன ஆட்டத்திலேயே நிலை இது. நல்ல ஆட்டக்காரர் பொய்யைச் சேமித்து வைக்கிறார். இதனால் அளவீட்டில் ஒரு வேடிக்கையான விளைவு உண்டு: எல்லாச் செய்திகளையும் உண்மை என்றே சொல்லிவிடும் கருவிக்கு 95 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் கிடைக்கும், அது ஒரு பொய்யைக்கூடப் பிடிக்காது. பொய்யைக் கண்டுபிடிக்கிறேன் என்று யாராவது சதவீதம் சொன்னால், எத்தனை பொய்களில் எத்தனையைப் பிடித்தீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

நான் இதுவரை யார் முதுகிலும் குத்தியதில்லை. எனக்கு முழு மதிப்பெண் உண்டா?

குத்த வாய்ப்பு வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். பூட்டிய வீட்டில் திருடாதவருக்குப் பதக்கம் தர முடியாது. எங்கள் கணக்கில் வகுக்கும் எண், விளையாடிய பருவங்கள் அல்ல. மீறினால் லாபம் வந்திருக்கும் என்று மேசையில் எல்லோருக்கும் தெரிந்த பருவங்கள் மட்டும். ஓர் ஆட்டத்தில் ஒருவருக்கு அவை விரல்விட்டு எண்ணும் அளவில்தான் வரும்.

அவற்றிலும் பெரும்பாலானவை இலையுதிர் பருவங்கள். வசந்தத்தில் ஒரு மையத்துக்குள் நுழைந்தாலும் உரிமை மாறாது; இலையுதிர் பருவ முடிவில் யார் படை அங்கே நிற்கிறது என்பதே கணக்கு. ஆகவே வசந்தத்தில் நல்லவராக இருப்பது மலிவு. அந்தத் தணிக்கையாளரும் வசந்தத்தில் நல்லவராகத்தானே இருந்தார்?

ஆணைத் தாள்களை மட்டும் வைத்து, மனிதர் தலையீடு இல்லாமல் கணக்கிட முடியாதா?

ஓரளவு முடியும். மற்றவர் படைக்கு ஆதரவு கொடுத்தால் நட்பு, தாக்கினால் பகை என்று எண்ணலாம். தடுக்கி விழும் இடம், பேசி வைத்துக்கொண்ட முட்டல். பிரான்சும் ஜெர்மனியும் ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்கிய நிலையில், பர்கண்டிக்குள் யாரும் நுழையக் கூடாது என்று விரும்பினால், இருவருமே அதற்குள் நகர ஆணை எழுதுவார்கள். சம பலம் மோதினால் யாரும் உள்ளே போக முடியாது. இரண்டு படைகளும் பழைய இடத்திலேயே நிற்கும். தாளில் பார்த்தால் போர். உண்மையில் அன்றைய ஆட்டத்திலேயே மிகக் கச்சிதமான ஒத்துழைப்பு அதுதான். எழுத்துப் பிழையால் தவறிப் போகும் ஆணைகள் வேறு. ஆதரவு தருவதாகச் சொல்லிவிட்டு மாகாணத்தின் பெயரை மாற்றி எழுதியவரை மேசையே துரோகி என்றது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு நான் அந்த வரியை அடித்துவிட்டேன். சில சமயம் முகமும் ஒரு சாட்சி.

துரோகம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

கொஞ்சம் உண்டு. 2015இல் விளாட் நிக்குலே உள்ளிட்ட கணினி மொழியியல் ஆய்வாளர்கள் இணையத்தில் நடந்த 249 டிப்ளமசி ஆட்டங்களின் செய்திகளை அலசினார்கள். சில பருவங்களாவது நட்பு நீடித்து, பிறகு முறிந்த 250 உறவுகளையும், முறியாமல் நின்ற 250 உறவுகளையும் எடுத்து ஒப்பிட்டார்கள். கண்டது இது: முறிவுக்குச் சற்று முன் இருவர் பேச்சிலும் ஒரு சமமின்மை தலைகாட்டுகிறது. குத்தப் போகிறவர் திடீரென வழக்கத்தைவிட இனிமையாகவும் பணிவாகவும் பேசுகிறார். குத்துப்படப் போகிறவரோ அடுத்து என்ன செய்வது, அதற்குப் பிறகு என்ன என்று மும்முரமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

வில் வளைவது வணக்கம் சொல்வதற்கு அல்ல என்பது தமிழ் படித்தவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. ஆனால் இரண்டாவது பாதி எனக்குப் புதிது. எங்கள் மாணவரை நினைத்துப் பாருங்கள். அந்தப் பருவத்துப் பேச்சு முழுக்க அவர்தான் பேசினார்: முதலில் கிரீஸ், 1902இல் ருமேனியா, பிறகு இருவரும் சேர்ந்து துருக்கி. இத்தாலிக்காரர் தலையாட்டிக்கொண்டு, "உங்களைப் போல யோசிப்பவரைப் பார்த்ததில்லை" என்றார். அவர் தாமாக ஒரு திட்டமும் சொல்லவில்லை. சேர்ந்து பயணம் போகிறவர் டிக்கெட்டைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா?

அதற்காகப் பணிவாகப் பேசுகிறவரையெல்லாம் சந்தேகிக்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்த ஆய்வில் முறிவை முன்கூட்டிக் கணிக்கப் பார்த்த கணினிக் கருவியின் வெற்றி 57 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50. இருந்தாலும் அந்த ஏழு சதவீதத்தை நான் மதிக்கிறேன். குத்துப்பட்டவர்களுக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லையே.

ஆங்கிலச் செய்திகளில் கண்டது நம் பேச்சுக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. இணைய ஆட்டத்தில் பேச்சு முழுவதும் எழுத்து. இங்கே கை தோளில் விழும், குரல் தாழும், வெற்றிலைபோல வாக்குறுதிகள் கைமாறும். போதாக்குறைக்கு, பணிவை அளக்கும் ஆங்கிலக் கருவிகள் "தயவுசெய்து", "நன்றி" போன்றவற்றைத் தேடுகின்றன. நம் மேசையில் அவற்றை யார் சொல்கிறார்கள்? வழக்கமாக "டேய்" என்று கூப்பிடுபவர் அன்று "தம்பி, நீங்கள் சொல்லுங்கள்" என்றால் அதைக் குறித்துக்கொள்ள எந்தக் கருவிக்கும் தெரியாது. நான் குறித்துக்கொள்கிறேன்.

மேசையில் தமிழர்கள் ஒன்று சேர்ந்துகொள்வார்களா?

மற்றவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள், அந்த நினைப்பே ஆட்டத்தை மாற்றிவிடுகிறது. இரண்டு தமிழர்கள் மூலையில் நின்று பேசினால் மூன்று பேர் அவர்களுக்கு எதிராகக் கூடிவிடுவார்கள். முதல் பருவத்துச் சீட்டுகளில் தமிழர் தமிழருக்குக் கொஞ்சம் கூடுதலாக எண் போடுவதும் உண்மைதான். யாரும் இன்னும் எதையும் செய்யாத நிலையில் நம்புவதற்கு வேறு என்ன இருக்கிறது? முதல் இலையுதிர் பருவம் முடிந்ததும் அந்தச் சலுகை கரைந்துவிடுகிறது.

தமிழில் பேசினால் ரகசியம் என்று எண்ணுகிறவர் சென்னையிலிருந்து புதிதாக வந்தவராகத்தான் இருப்பார். அல்சூரில் பிறந்து வளர்ந்த கன்னடக்காரர் உங்கள் திட்டத்தை முழுதும் கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் டீயை ஊதிக் குடிப்பார்.

ஏழு பேர் கிடைக்கவில்லை. சின்னதாக எதையாவது விளையாடி அளக்கலாமா?

இரண்டு பேர் போதும். ஜாய்ஸ் பெர்க், ஜான் டிக்ஹாட், கெவின் மெக்கேப் மூவரும் 1995இல் வெளியிட்ட நம்பிக்கை விளையாட்டு இது. முதலாமவர் கையில் 10 டாலர். அதில் விரும்பிய பங்கை முகம் தெரியாத இரண்டாமவருக்கு அனுப்பலாம். போகும் தொகை மும்மடங்காகும். இரண்டாமவர் விரும்பினால் ஏதாவது திருப்பித் தரலாம், தராமலும் இருக்கலாம். சுயநலக் கணக்குப்படி யாரும் ஒரு காசுகூட அனுப்பக் கூடாது. ஆனால் 32 பேரில் 30 பேர் அனுப்பினார்கள், சராசரி 5.16 டாலர். திரும்பி வந்தது சராசரியாக 4.66. அதாவது நம்பியவர்களுக்குச் சற்றே கைநட்டம்.

ரூபாயில் விளையாடும்போது ஒரு எச்சரிக்கை: அனுப்பிய தொகை எல்லாம் நம்பிக்கை ஆகாது. சிலர் இயல்பிலேயே தாராளமானவர்கள். திருப்பித் தரவே வழியில்லாத சுற்று ஒன்றையும் நடத்துங்கள். அதில் அனுப்பியதைக் கழித்தால் மிஞ்சுவதே நம்பிக்கை.

தோற்பதைவிடக் குத்துப்படுவது ஏன் அதிகம் வலிக்கிறது?

இதையும் அளந்திருக்கிறார்கள். ஐரிஸ் போனெட், ரிச்சர்ட் செக்ஹவுசர் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல முடிவு வர எத்தனை வாய்ப்பாவது இருந்தால் பணயம் வைப்பீர்கள் என்று கேட்டார்கள். முடிவைக் குலுக்கல் தீர்மானிக்கும்போது குறைந்த வாய்ப்புக்கே பலர் சம்மதித்தார்கள். இன்னொரு மனிதர் தீர்மானிக்கிறார் என்றதும் அதிக வாய்ப்பு கேட்டார்கள். பணத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே நட்டம்தான். வித்தியாசம், ஏமாற்றப்பட்டோம் என்பதற்கு நாம் வைக்கும் விலை. திரியெஸ்தே போன அன்று மாணவர் ஒரு மணி நேரம் தணிக்கையாளரிடம் பேசவில்லை. ரஷ்யாவிடம் இரண்டு மையங்களை இழந்தபோது சிரித்துக்கொண்டே பஜ்ஜி கேட்டார்.

கணினி இந்த ஆட்டத்தை விளையாடுகிறதாமே?

ஆம். மெட்டா நிறுவனத்தின் சிசரோ 2022இல் இணையத்தில் 40 ஆட்டங்களில் மனிதர்களோடு பேசி விளையாடி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது. அது நேர்மையாகப் பேசும்படி வடிவமைக்கப்பட்டதாகச் சொன்னார்கள்: அந்த நொடியில் போட்டிருக்கும் திட்டத்தையே பேச்சில் சொல்லும். அடுத்த நொடியில் திட்டம் மாறினால்? அதைத் துரோகம் என்று சொல்பவர்களும் உண்டு. நானும் அந்தக் கட்சி. எங்கள் ஐந்து கட்டங்களில் "எண்ணம்" என்று ஒன்று கிடையாது. 2024இல் வந்த ஒரு மறு ஆய்வு, சிசரோவின் பலம் நகர்வுகளில்தான், இணங்கவைப்பதிலும் ஏமாற்றுவதிலும் மனிதர்களே இன்னும் முன்னால் என்றது. பெருமைப்படலாமா என்று தெரியவில்லை.

எங்கள் அலுவலகக் குழுவை இதை வைத்து மதிப்பிட முடியுமா?

பெங்களூரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! ஒரு மென்பொருள் நிறுவன மேலாளர் நோட்டைப் படம் எடுத்துக்கொள்ளவே கேட்டார். மறுத்துவிட்டேன். இந்த மேசையில் பொய்க்கு அனுமதி உண்டு. அனுமதிக்கப்பட்ட பொய்யை வைத்து, அனுமதியில்லாத இடத்தில் ஒருவர் எப்படி நடப்பார் என்று சொல்ல முடியாது. எங்களில் மிகக் கைதேர்ந்த குத்துக்காரர், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிறவர். தவிர, ஆளுக்கு நான்கைந்து வாய்ப்புகளை வைத்து யாருடைய பதவி உயர்வையும் தீர்மானிப்பது கணக்கு ஆகாது, அநியாயம்.

நோட்டை யார் பார்க்கலாம்?

ஆட்டம் முடிந்த பிறகு, அன்று மேசையில் இருந்த ஏழு பேரும். அடுத்த ஆட்டத்துக்கு முன் பழைய பக்கங்களை யாரும் புரட்டக் கூடாது. பெயர்களுக்குப் பதில் நாடுகளின் பெயர்களைத்தான் எழுதுகிறேன். ஒருவர் விரும்பினால் அவருடைய வரிகளை அவருக்கு மட்டும் தனியாக எழுதித் தருவேன்.

வர விரும்பினால் பர்ப்பிள் லைன் மெட்ரோவில் ஹலசூரு (அல்சூரின் கன்னடப் பெயர்) நிலையத்தில் இறங்குங்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் மாலை ஐந்து ஆகிவிடும். ஏழாவது ஆள் வராவிட்டால் இத்தாலி இல்லாமல் ஆறு பேரோடு தொடங்குவோம். அன்று ஆஸ்திரியாவுக்குத்தான் எல்லோரும் போட்டி போடுவார்கள்.